கவர்னர் துடுப்புப் போட்ட காட்டாறு

1974-ம் வருடம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர், சட்டூகா என்ற காட்டாற்றின் நடுவே ஒரு சின்னப் படகில் இருக்கிறார். கவர்னர் என்றதும் நம் ஊர் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி, ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி. அதே படகில் இன்னொரு துடுப்போடு இருப்பவர் கிளாட் டெர்ரி, எமரி பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவர். எதிரே ஆறு பாறைகளுக்கு நடுவே நெருங்கி, இரண்டு படிகளாகக் கீழே விழுகிறது. அந்த இடத்தின் பெயர் 'புல் ஸ்லூஸ்'. படகோட்டிகள் செல்லமாக 'காளை' என்றே கூப்பிடுவார்கள். மேல்மூடி இல்லாத படகில் இருவராக அதைத் தாண்டிய முதல் ஜோடி அவர்கள்தான் என்று சொல்கிறார்கள்.

அந்த கவர்னர் ஜிம்மி கார்ட்டர். மூன்று வருடங்களுக்குள் அமெரிக்க ஜனாதிபதியாகிவிட்டார். 2024 டிசம்பரில், தன் நூறாவது வயதில் அவர் காலமானபோது உலகம் அவருடைய வேர்க்கடலைத் தோட்டத்தையும் நோபல் பரிசையும் நினைவுகூர்ந்தது. காட்டாற்றில் படகு விடுபவர்களுக்கு மட்டும் கார்ட்டர் என்றால் புல் ஸ்லூஸ்தான்.

ஒரு மாநிலத்தையே ஆளுகிற மனிதருக்கு இந்த விஷப்பரீட்சை எதற்கு? பதிலைத் தெரிந்துகொள்ள அந்த ஆற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூன்று மாநிலத்து ஆறு

சட்டூகா பிறப்பது வடக்கு கரோலினா மாநிலத்தின் மலைகளில், கேஷியர்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில். தொடங்கும் இடத்தில் அது வெறும் ஓடை. தெற்கே இறங்க இறங்க, ஜார்ஜியாவுக்கும் தெற்கு கரோலினாவுக்கும் அதுவே எல்லைக்கோடு. மூன்று மாநிலங்களும் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க 1811-ல் ஆண்ட்ரூ எலிகாட் என்ற நில அளவையாளர் இந்தக் காட்டுக்குள் வந்தார். அவர் பெயரால் 'எலிகாட் ராக்' என்றே அந்தக் காட்டுப் பகுதி இன்றும் அழைக்கப்படுகிறது. சுமார் 92 கிலோமீட்டர் ஓடிய பிறகு டுகாலூ ஏரியில் போய் அடங்குகிறது ஆறு.

கரையில் வீடு கிடையாது, ஹோட்டல் கிடையாது. ஹெம்லாக் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் தண்ணீர்வரை இறங்கி நிற்கும். சில இடங்களில் பாலம் தென்படவே பல மணி நேரம் படகில் போக வேண்டும்.

ஏரியில் அடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? அது இயற்கையான ஏரி இல்லை, அணைக்கட்டு. சட்டூகாவின் பக்கத்து ஆறு டலூலா. 1910-களிலும் 20-களிலும் ஜார்ஜியா மின் நிறுவனம் டலூலா, டுகாலூ ஆறுகளில் வரிசையாக ஆறு அணைகளைக் கட்டியது. சுற்றுலாப் பயணிகள் ரயிலேறி வந்து பார்த்த டலூலா அருவிகள் அதனால் நூலாகச் சுருங்கிப்போயின. அணை கட்டக் கூடாது என்று ஹெலன் லாங்ஸ்ட்ரீட் என்ற பெண்மணி கோர்ட், சட்டசபை என்று அலைந்து பார்த்தார். தோற்றுப்போனார். இன்றைக்கு டலூலாவில் முழு வேகத்தில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் அணையைத் திறக்க வேண்டும். ஏப்ரலிலும் நவம்பரிலும் சில வாரக்கடைசிகளில் படகோட்டிகளுக்காகத் திறந்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு அட்டவணை!

சட்டூகாவிலும் அணை கட்டும் யோசனைகள் இருந்தன. ஆனால், இந்த ஆறு தப்பித்தது. தப்பித்த கதைக்குள் ஒரு சினிமாவும் இருக்கிறது.

படம் பார்த்தார்கள், படகை எடுத்தார்கள்

ஜேம்ஸ் டிக்கி என்ற கவிஞர் 1970-ல் 'டெலிவரன்ஸ்' என்றொரு நாவல் எழுதினார். அணைக்கட்டில் மூழ்கப்போகும் ஒரு மலை ஆற்றைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நகரத்து நண்பர்கள் நால்வர் படகில் கிளம்புகிறார்கள். போன இடத்தில் நடப்பதெல்லாம் பயங்கரம். ஜான் பூர்மன் இயக்கத்தில் 1972-ல் அது படமாக வந்து சக்கைப்போடு போட்டது. கதையில் ஆற்றுக்குக் கற்பனைப் பெயர். படம் பிடித்ததோ பெரும்பாலும் சட்டூகாவிலும் டலூலா பள்ளத்தாக்கிலும்.

நடிகர்களே படகோட்டினார்கள். அருவியில் விழும் ஒரு காட்சிக்கு முதலில் பொம்மையைத் தள்ளிப் பார்த்ததாகவும், அது பொம்மை மாதிரியே இருக்கிறது என்று பர்ட் ரெனால்ட்ஸ் தானே குதித்ததாகவும், பின்னெலும்பில் அடிபட்டு எழுந்து 'எப்படி இருந்தது?' என்று அவர் கேட்டபோது, அதுவும் பொம்மை மாதிரியேதான் இருந்தது என்று இயக்குநர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. மிகவும் ஆபத்தான சில இடங்களில் மட்டும் டூப். ஜான் வாய்ட்டுக்கு டூப் போட்டவர் வேறு யாருமில்லை, நாம் முதலில் பார்த்த கிளாட் டெர்ரி. நெட் பீட்டிக்கு டூப் போட்ட பேசன் கென்னடி அதே 1972-ல் மனைவியோடும் நண்பரோடும் சேர்ந்து நாண்டஹாலா ஆற்றங்கரையில் ஒரு படகுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் பெரிய மையங்களில் அதுவும் ஒன்று.

படத்தைப் பார்த்தவர்கள் பயந்து ஒதுங்கியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். கார் கூரையில் ஏதோ ஒரு படகைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக சட்டூகாவுக்கு வந்தார்கள். பலருக்கு நீச்சலே சரியாகத் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லை, ஹெல்மெட் இல்லை, கையில் பீர் பாட்டில் உண்டு. அடுத்த மூன்று, நான்கு வருடங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஆற்றில் உயிரைவிட்டார்கள். சினிமா ஒரு ஊரைப் பிரபலமாக்கும். அந்த ஊரின் பள்ளம் மேடு தெரியாமல் வருகிறவர்களுக்கு அது பொறுப்பேற்காது.

மலைவாசிகளுக்கும் படத்தின்மேல் தீராத கோபம். தங்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டிவிட்டார்கள் என்ற வருத்தம் அங்கே இன்னும் முழுதாக ஆறவில்லை.

சட்டம் வந்தது, கூடவே சண்டையும்

1968-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்திருந்தது. அழகும் இயற்கையும் கெடாத ஆறுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் அணை கட்டாமல், போக்கை மாற்றாமல் அப்படியே ஓடவிட வேண்டும் என்பது அதன் சாரம். முதல் கட்டமாக எட்டு ஆறுகள் பட்டியலில் சேர்ந்தன. இன்னும் சில ஆறுகளை ஆராய்ந்து முடிவெடுக்கச் சொன்னார்கள். அந்த இரண்டாவது பட்டியலில் சட்டூகா இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் டெர்ரியும் அவருடைய நண்பர்களும் கவர்னரை ஆற்றுக்கு அழைத்துப்போனார்கள். கோப்பில் படித்துக் கையெழுத்துப் போடுவதற்கும், முகத்தில் தண்ணீர் அறைய அறையப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே! கார்ட்டர் சட்டூகாவுக்காகக் குரல் கொடுத்தார். 1973-ல் ஃப்ளின்ட் என்ற வேறோர் ஆற்றில் மத்திய அரசு கட்டவிருந்த ஸ்ப்ரூவெல் பிளஃப் அணைக்குத் தடை போட்டார். அந்தக் காலத்தில் ஓர் அரசியல்வாதி தன் மாநிலத்துக்கு வரும் அணையை வேண்டாம் என்று சொல்வது கேள்விப்படாத விஷயம். ஜனாதிபதியான பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1977-ல், பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே, வீண் செலவு என்று ஒரு கட்டு அணைத் திட்டங்களை நிறுத்தப் பார்த்து, சொந்தக் கட்சிக்காரர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

(இதே கார்ட்டர்தான், 'டெலிவரன்ஸ்' கொண்டுவந்த வருமானத்தைப் பார்த்து, 1973-ல் ஜார்ஜியாவில் சினிமாவுக்கென்றே ஓர் அரசு அலுவலகம் தொடங்கியவர். மலைவாசிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.)

1974 மே 10 அன்று சட்டூகா பாதுகாக்கப்பட்ட ஆறானது. உள்ளூரில் எல்லோரும் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடவில்லை. தாத்தா காலத்திலிருந்து ஜீப்பை ஆற்றங்கரைவரை ஓட்டிப்போய், கூடாரம் அடித்து, மீன் பிடித்து வளர்ந்த குடும்பங்கள் அவை. ஆற்றை ஒட்டிய கால் மைல் தூரத்துக்கு வண்டிப் பாதைகளை வனத்துறை மூடியது. வெளியூர்க்காரர்கள் படகோடு வரலாம், நாங்கள் வண்டியோடு வரக்கூடாதா என்று கொதித்தார்கள். ஆத்திரத்தில் காட்டுக்குத் தீ வைத்த சம்பவங்கள்கூட நடந்தன. தீ வைத்தது தவறு. ஆனால் அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தண்ணீரைப் படிப்பது

காட்டாற்றில் படகு விடுவது பலசாலிகளின் விளையாட்டு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாதி உண்மைகூட இல்லை. இது கண்ணால் ஆடும் ஆட்டம். தண்ணீரைப் பார்த்து, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டு பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஆங்கில 'வி' எழுத்துபோல வழவழப்பாகக் குவிந்து, கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி. அதே 'வி' தலைகீழாக, கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் அந்த முனையில் பாறை ஒளிந்திருக்கிறது. பெரிய பாறைக்குப் பின்பக்கம் தண்ணீர் அமைதியாக, சில சமயம் மேல்நோக்கிக்கூடச் சுற்றிக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் பஸ் ஸ்டாப் மாதிரி அதில் படகை ஒதுக்கி, மூச்சு வாங்கி, அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள். எதிரே ஆறு ஒரு கோடாக முடிந்து, அதற்குப் பின்னால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தால், அங்கே அருவி. கரையேறி நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் மேலே எதுவும்.

கயாக் என்பது ஒற்றை ஆள் படகு. இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டி, படகின் வாயோடு பொருத்திவிடுவார்கள். தண்ணீர் உள்ளே போகாது. கவிழ்ந்தால்? தலைகீழாகத் தொங்கியபடியே, துடுப்பைத் தண்ணீரில் வாகாக வைத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்துவிட வேண்டும். குளத்தில் நூறு தடவை பழகாமல் யாரையும் ஆற்றில் விடமாட்டார்கள்.

பார்ப்பதற்குப் பயங்கரமாகத் துள்ளும் அலைகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கொல்வதெல்லாம் சாதுவாகத் தெரியும் இடங்கள். சட்டூகாவில் உடால் ஷோல்ஸ் அப்படிப்பட்ட ஒன்று. சின்ன இறக்கம்தான், புதிதாக வருபவர், 'இதுக்கா இவ்வளவு பேச்சு?' என்பார். விழும் தண்ணீர் அடிக்குப் போய், மேலே வந்து, மறுபடி அருவியை நோக்கியே திரும்பிச் சுழலும். உள்ளே சிக்கிய படகையும் ஆளையும் மரக்கட்டையையும் விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர் தடுப்பணைகளுக்குக் கீழே நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கிப்போவதற்கு இதே சுழல் ஒரு முக்கியக் காரணம். கரையிலிருந்து கரைவரை ஒரே சீராக விழும் தண்ணீரில் தப்பிக்க ஓரமே இருக்காது.

இன்னொன்று, கால் சிக்குவது. ஓடும் தண்ணீரில் விழுந்தவர் முதலில் செய்ய நினைப்பது எழுந்து நிற்பது. செய்யவே கூடாததும் அதுதான். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அழுத்திவிடும். இடுப்பளவு ஆழம்கூடத் தேவையில்லை. மல்லாந்து மிதக்க வேண்டும், கால்கள் மேலே, பாதம் ஆறு போகும் திசையில், நிதானமாகக் கரையை நோக்கிக் கையால் தள்ளிக்கொண்டு. எந்த நாட்டு ஆற்றுக்கும் இது பொருந்தும், பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். குறுக்கே விழுந்த மரம் வந்தால் மட்டும் விதி மாறும். சல்லடை தண்ணீரை விட்டு வண்டலைப் பிடிப்பதுபோல மரக்கிளைகள் ஆளைப் பிடித்துக்கொள்ளும். அப்போது குப்புறத் திரும்பி, தலை முன்னால் இருக்க வேகமாக நீந்தி, மரத்தின்மேல் தாவி ஏறிவிட வேண்டும்.

ஆற்றின் கடைசிக் கட்டத்தில் கால் மைல் தூரத்துக்குள் ஐந்து பாய்ச்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றில் 'கிராக் இன் த ராக்' என்ற இடத்தில் பாறை பிளந்து, பிளவுகள் வழியாக ஆறு புகுந்து போகிறது. எந்தப் பிளவு வழி, எந்தப் பிளவு எமன் என்று தெரியாதவர் அந்தப் பக்கம் போகக் கூடாது. வனத்துறை உரிமம் பெற்ற மூன்று நிறுவனங்கள் ரப்பர் படகில் வழிகாட்டியோடு அழைத்துப்போகின்றன. பெரும்பாலானோர் சட்டூகாவைப் பார்ப்பது அப்படித்தான். அதுவே புத்திசாலித்தனமும்கூட.

ஆறா, மகளா?

1999 மே மாதக் கடைசியில், ஆற்றை நடந்து கடக்க முயன்ற ஒரு பதின்ம வயதுப் பெண்ணைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. 'ரேவன் ஷூட்' என்ற இடத்தில் பாறைக்கடியில் உடல் சிக்கிக்கொண்டது. வெள்ளத்தின் வேகத்தில் முக்குளிப்பவர்களால் நெருங்க முடியவில்லை. தற்காலிகமாக ஒரு தடுப்பணை போட்டுத் தண்ணீரைத் திருப்பினால் எடுத்துவிடலாம் என்றார்கள் ஒரு தரப்பினர். பாதுகாக்கப்பட்ட ஆற்றின் பாறையில் துளை போட்டு அணை கட்டினால், சட்டம் எதற்கு என்று கேட்டார்கள் இன்னொரு தரப்பினர். அதைவிட, மீட்கப் போகிறவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற பயமும் இருந்தது.

கடைசியில் அணை போட அனுமதி கிடைத்தது. ஆற்றின் வேகத்துக்கு முன்னால் அது தாக்குப்பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் நீண்டது அந்தப் பெற்றோரின் காத்திருப்பு. பிள்ளையைக் கொண்டுவந்து மண்ணில் வைக்க வேண்டும் என்று நிற்கும் ஒரு குடும்பத்திடம், ஆற்றை இயல்பாக ஓடவிட வேண்டும் என்ற சட்டப் பிரிவை எந்த முகத்தோடு படித்துக் காட்டுவது? படித்துக் காட்டாமல் விட்டால் அடுத்த ஆற்றில் என்ன ஆகும்? மலைப்பகுதி எழுத்தாளர் ரான் ராஷ் இந்தத் துயரத்தைத் தழுவி 2004-ல் 'செயின்ட்ஸ் அட் த ரிவர்' என்ற நாவலை எழுதினார். அந்த ஊரில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பக்கமும் இன்னும் குரல் கம்மும்.

முப்பத்தாறு வருடப் பூட்டு

சட்டூகாவின் தலைப்பகுதிதான் உண்மையான காட்டோடை. எலிகாட் ராக் காட்டுக்குள் குறுகி, பெரிய பாறைகளுக்கு நடுவே படிப்படியாக இறங்கும் தண்ணீர். படகோட்டிகள் கனவு காணும் இடம். ஆனால், நெடுஞ்சாலை 28-க்கு மேலே சுமார் 34 கிலோமீட்டருக்குப் படகே கூடாது என்று 1976-ல் வனத்துறை பூட்டுப் போட்டுவிட்டது. காரணம், மீன் பிடிப்பவர்களின் அமைதி.

அங்கே டிரவுட் மீன் பிடிப்பது ஒரு தவம். முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நின்று, பூச்சி வடிவத் தூண்டிலை வீசுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பிடிக்கும் மீன்களில் பெரும்பகுதி இந்த ஆற்றுக்கே வெளியூர்க்காரர்கள். வானவில் டிரவுட் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும், பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. சாலை இல்லாத பகுதிகளில் மீன்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து ஆற்றில் விடுவதுகூட உண்டு. அமைதிக்காக!

நடக்கலாம், நீந்தலாம், மீன் பிடிக்கலாம், கூடாரம் போடலாம், படகு மட்டும் கூடாது என்றால் என்ன நியாயம் என்று 'அமெரிக்கன் வைட்வாட்டர்' என்ற படகோட்டிகள் அமைப்பு 2004-ல் முறையிட்டது. ஆய்வுகள், கருத்துக் கேட்புக் கூட்டங்கள், கோர்ட் என்று இழுத்து, 2012-ல் பூட்டு பாதி திறந்தது. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மட்டும், தலைப்பகுதியின் ஒரு பகுதியில் மட்டும், அதுவும் ஆற்றில் விநாடிக்கு 350 கன அடி தண்ணீர் ஓடினால் மட்டும் அனுமதி. கீழ்க்கோடியில் ஒரு துண்டு மீன்காரர்களுக்கே விடப்பட்டது. இதுவும் போதாது என்று படகோட்டிகளும், இதுவே அதிகம் என்று மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வனத்துறை சொன்னதே சரி என்று முடித்துவைத்தது.

மேட்டூர் அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கில் கன அடி கேட்டுப் பழகிய காதுகளுக்கு 350 சின்ன எண்தான். அந்தக் குறுகிய ஓடைக்கு அது மழைக்குப் பிந்தைய வெள்ளம். இந்த எண்ணில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. படகு போக வாகான அளவுக்கு ஓடை பொங்கும்போது, தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடுவது சிரமம். தண்ணீர் வடிந்து தெளியும்போது படகு பாறையில் இடிக்கும். இரு தரப்பையும் மழையே பிரித்துவைத்துவிடுகிறது. அப்படியிருக்க, காலண்டர் பார்த்து ஏழு மாதம் பூட்டி வைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது புதிய ஆபத்து ஒன்று ஆற்றின் குறுக்கே விழுந்துகொண்டிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த, பஞ்சுபோல மெழுகு பூசிய ஒரு சிறு பூச்சி, ஹெம்லாக் மரங்களின் சாற்றை உறிஞ்சிக் கொன்றுவருகிறது. நூற்றாண்டு கண்ட மரங்கள் பட்டுப்போய் ஓடையில் சாய்கின்றன. மீன் ஒதுங்க அது நல்ல இடம். படகோட்டிக்கோ எமனின் சல்லடை. மரங்களை அறுத்து அகற்றக் கூடாது, அது ஆற்றின் சொத்து என்பது விதி. போன வருடம் திறந்திருந்த வழி இந்த வருடம் இருக்கிறதா என்பது ஒவ்வொரு வளைவிலும் இறங்கி நடந்து பார்த்தால்தான் தெரியும்.

அதனால் குளிர்காலத்தில் ராத்திரி முழுக்க மழை கொட்டினால், அந்த மாநிலங்களில் சிலர் விடியும் முன்னே எழுந்து போனில் ஆற்றின் அளவைப் பார்க்கிறார்கள். எண் 350-ஐத் தாண்டியிருந்தால் ஆபீஸுக்கு லீவு. மலையேறிப் போய், அனுமதிப் படிவத்தைத் தாங்களே நிரப்பிக் கையெழுத்திட்டு, விரல் விறைக்கும் தண்ணீரில் இறங்குகிறார்கள். சாயங்காலம் லிக் லாக் ஓடை வந்து சேரும் இடத்தில், அதற்குக் கீழே அனுமதி இல்லை என்பதால், கரையேறி, நனைந்த படகைத் தோளில் தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதையில் கார் நிற்கும் இடத்தை நோக்கி நடக்கிறார்கள்.